பெரிய உடம்புக்குப் பழைய ராக் இசைக்குழு டி-ஷர்ட் கிடைக்குமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதைவிட்டுப் போகவே இல்லை. மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சகோதரி கேட்கிறார்: "எண்பது, தொண்ணூறுகளில் வந்த ராக் இசைக்குழு டி-ஷர்ட் என்றால் எனக்கு உயிர். நான் போடுவது 3எக்ஸ்எல். பழைய துணிக்கடைகளில் எக்ஸ்எல்லுக்கு மேல் கண்ணிலேயே படுவதில்லை. கிடைத்த ஒரு எக்ஸ்எல்லும் தோளைத் தாண்டி இறங்கவில்லை. என் உடம்புக்கு இந்த ஆசை வேண்டாமா?"

வேண்டும். தாராளமாக வேண்டும். தோளில் நின்றுபோனது அந்தத் துணியின் அளவு, அதற்கு உங்கள் உடம்பு என்ன செய்யும்?

நம் பேச்சுகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். டேக்கில் இருக்கும் எழுத்தைப் பார்க்காதீர்கள், இன்ச் டேப்பை எடுங்கள். இன்று பரவலாக விற்கும் கில்டன் 5000 டி-ஷர்ட்டில் எக்ஸ்எல் என்றால், தரையில் விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை 24 இன்ச். 3எக்ஸ்எல் என்றால் 28. எண்பதுகளில் வந்த ஸ்கிரீன் ஸ்டார்ஸ் என்ற டி-ஷர்ட் பிராண்டின் டேக்கில் எக்ஸ்எல் பக்கத்திலேயே 46-48 என்று அச்சடித்திருக்கும், அது போடுகிறவரின் மார்பளவு. ஆனால் விரித்து அளந்தால் பல 22 இன்ச் பக்கம்தான் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 44. அன்று ஒட்டிப் போடுவதுதான் வழக்கம், போதாததற்கு எத்தனையோ சலவையில் சுருங்கியும் இருக்கிறது. அதே எக்ஸ்எல், ஆனால் வேறு துணி.

பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. அந்தக் காலத்து டி-ஷர்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் உடல் பகுதி வட்ட இயந்திரத்தில் குழாயாகவே பின்னிய பனியன் துணி. எந்திரத்தின் விட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் அகலம். பக்கத் தையலே கிடையாது, பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? இன்னொன்று, பருத்திப் பனியன் துணி அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். மார்பு பொருந்தினாலும் வயிற்றுக்கு மேல் ஏறி நிற்கும். அதனால் கழுத்தோரத் தோளிலிருந்து கீழ் மடிப்புவரை நீளத்தையும் அளந்தே ஆக வேண்டும்.

சரி, எந்தக் காலத்தைத் தேடுவது? சேகரிப்பவர்கள் எல்லோரும் ஒற்றைத் தையல் பின்னால் ஓடுகிறார்கள். கை ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், மடிப்பில் ஒரே ஒரு நூல் வரிசை ஓடினால் அது ஒற்றைத் தையல். தொண்ணூறுகளின் நடுவில்தான் இரட்டை வரிசை பொதுவானது. நீங்கள் அந்த ஓட்டத்தில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. தொளதொளவென்று போடும் நாகரிகம் பரவியது தொண்ணூறுகளில்தான். எக்ஸ்எல் மலிந்ததும், அகலமாக வெட்ட ஆரம்பித்ததும், 2எக்ஸ்எல் கண்ணில் படுவதும் அப்போதுதான். தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த இரட்டைத் தையல் சட்டையை ஆர்வலர்கள் தள்ளிவிட்டுப் போவார்கள். உங்களுக்கு அதுதான் புதையல்.

கடையில் ஆண்கள் வரிசையோடு நிற்காதீர்கள். பெரிய, நைந்து மெத்தென்று ஆன டி-ஷர்ட்டுகளை இரவு உடை வரிசையில் மாட்டிவிடுவது உண்டு. என் தோழி ஒருத்தி, நல்ல அகலமான தோள் அவளுக்கு, அப்படி ஒரு இரவு உடை வரிசையிலிருந்துதான் மெட்டாலிகா இசைக்குழுவின் டி-ஷர்ட் ஒன்றை உருவினாள். டேக் யாரோ கத்தரித்துப் போட்டிருந்தார்கள். எழுத்தைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். இவள் டேப்பை வைத்தாள், 27 இன்ச்! இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் என் வீட்டுக்கு வருவாள். பெண்கள் பிரிவில் தேடினால் இன்னும் கவனம் தேவை. பெண்களுக்கான 2எக்ஸ் வேறு, ஆண்களுக்கான 2எக்ஸ்எல் வேறு. அங்கேயும் டேப்தான்.

சட்டையில் அச்சிட்ட ஆண்டை நம்பி மட்டும் வாங்கிவிடாதீர்கள். படத்துக்குக் கீழே உள்ள காப்புரிமை ஆண்டு அந்த வடிவத்துக்கு உரியது, பின்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டேக், தையல், ஆண்டு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதே இல்லை: அந்தத் துணி உடம்பைத் தாங்குமா? கறுப்புச் சட்டைகளில் பலவற்றுக்குக் கந்தகச் சாயம் ஏற்றியிருப்பார்கள். வருடக்கணக்கில் ஈரப்பதத்தில் கிடந்தால் அந்தச் சாயத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் உண்டாகி, பருத்தி இழையை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கீழ் மடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு கட்டைவிரலாலும் துணியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல துணி இழுபட்டுத் திரும்பும். உளுத்தது அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொடுக்கும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்துவிட்டு வாருங்கள். நிறைந்த உடம்பில் அக்குளிலும் முதுகிலும் இழுப்பு அதிகம், முதல் நாளே கிழியும்.

துணி திடமாக இருந்து அகலம் மட்டும் இரண்டு, மூன்று இன்ச் போதவில்லையா? அதற்கு வழி உண்டு. இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரை நேராக வெட்டி, அதே நிறத்துப் பனியன் துணியில் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முன்னாலிருக்கும் படத்தைத் தொடவே வேண்டாம். கை இறுக்கமாக இருந்தால் பட்டையைக் கையின் அடிப்பக்கம்வரை ஏற்றிக்கொள்ளலாம். புதுத் துணியை மட்டும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை அலசிக் காயவையுங்கள், இல்லையென்றால் பிறகு அது சுருங்கிப் பழசை இழுக்கும்.

சகோதரி, இப்போது உங்களுக்கு வசதியாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். எந்தக் காலத்து டேக்கைத் தேடினால் உங்களுக்கு வசப்படும் என்று அடுத்த பதிவில் பார்த்துச் சொல்கிறேன்.