எழுதியதை ஏன் மறுக்க வேண்டும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தமிழ்மொழி விழாவுக்காக இந்தச் சமூக மன்றத்தில் கூடியிருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மிகுபுனைவு, அதாவது மந்திரமும் மாயமும் நிறைந்த 'ஃபேண்டஸி' கதைகள், எழுதிப் புகழ்பெற்றவர்கள் அந்த வகையைத் தமது என்று உரிமை கொண்டாட வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. வேண்டும் என்பது எங்கள் அணி. எழுதுவது மட்டுமே எழுத்தாளர் வேலை, வகைக்குப் பெயர் சூட்டுவது பதிப்பகத்தார் வேலை என்றார் எதிரணித் தலைவர். பெயரை மறுப்பதால் யாருக்கும் இழப்பில்லை என்றால் நானும் அதை ஏற்றிருப்பேன்.

ஹாரி பாட்டர் வரிசையை எழுதிய ஜே.கே. ரௌலிங், 2005ஆம் ஆண்டு டைம் இதழுக்கு அளித்த நேர்காணலில், முதல் புத்தகம் வெளிவந்த பிறகுதான் தாம் எழுதியது மிகுபுனைவு என்பது தமக்கு உறைத்ததாகவும், அவ்வகையில் தமக்குப் பெரிய ஈடுபாடு இல்லை என்றும் கூறினார். மந்திரவாதிகளும் சூனியக்காரிகளும் ஒற்றைக்கொம்புக் குதிரைகளும் இருந்தும் அவருக்கு அது புலப்படவில்லையா என்று கேட்டார் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களின் ஆசிரியர் டெர்ரி பிராட்செட். ரௌலிங் மனமறிந்து மறைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். கதையில் மூழ்கியவருக்கு வகை நினைவில் இல்லாமல் போகலாம். என்னை உறுத்துவது டெர்ரி குட்கைண்டின் நிலை. மந்திரவாதியும் டிராகனும் மாயவாளும் நிறைந்த நாவல்களால் பெயர்பெற்ற அவர், தாம் மிகுபுனைவு எழுத்தாளர் அல்லர், மனிதரைப் பற்றி எழுதுபவர் என்றே வாதிட்டார். அப்படியானால் அவ்வகையில் எழுதும் மற்றவர்கள் மனிதரைப் பற்றி எழுதவில்லை என்றுதானே பொருள்படும்?

மணிமேகலையை எண்ணிப் பாருங்கள். தெய்வம் அவளை வான்வழியே மணிபல்லவத்துக்கு எடுத்துச் செல்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ நோயால் வாடிய காயசண்டிகையின் பசி அந்தப் பாத்திரத்துச் சோற்றால் தணிகிறது. இதில் எந்த மாயத்தை நீக்கினாலும், சீத்தலைச் சாத்தனார் சொல்லவந்த பசியின் கொடுமையும் சேர்ந்தே நீங்கிவிடும்.

2015இல் தம் புதிய நாவலை வாசகர்கள் மிகுபுனைவு என்று சொல்லிவிடுவார்களோ எனப் பிரிட்டிஷ் நாவலாசிரியர் காசுவோ இஷிகுரோ தயங்கியபோது, அச்சொல்லை அவர் வசையாகக் கருதுகிறார் போலும் என்று வருந்தி எழுதினார் அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் அர்சுலா லெ குவின். தாம் பூதங்களின் பக்கமே நிற்பதாக இஷிகுரோ பின்னர் விளக்கினார். அதை மனமார வரவேற்கிறேன். அதே லெ குவின், அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கத் தேசியப் புத்தக அறக்கட்டளையின் பதக்கத்தைப் பெற்றபோது, இலக்கியத்துக்கு வெளியே நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்த மிகுபுனைவு, அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் அனைவருடனும் அதைப் பகிர்ந்துகொள்வதாக மேடையிலேயே அறிவித்தார். எங்கள் அணி கேட்பது அந்த மனத்தைத்தான்.

நூலகக் கதைப் பட்டறை ஒன்றில், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு சிறுமி, சிங்கப்பூரின் புக்கிட் மேரா என்னும் செங்குன்றின் கதையை எடுத்துக்கொண்டாள். கரையில் பாய்ந்து மக்களைக் குத்திய வாள்மீன்களைத் தடுக்க, வாழைத்தண்டுகளை நட்டு வேலியிடச் சொன்ன சிறுவனை, அவன் அறிவுக்கு அஞ்சிய மன்னன் கொல்விக்க, அவன் இரத்தத்தால் குன்று சிவந்தது என்பது நாம் அறிந்த பழங்கதை. அவளுடைய கதையில் அச்சிறுவன் இரவில் மண்ணைவிட்டு எழுந்து, அவள் வசிக்கும் புளோக்கின் மின்தூக்கியில் ஏறி, தளந்தோறும் இறங்கி, 'நான் சொன்ன யோசனையில் என்ன தப்பு?' என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாளின் அடியிலோ பென்சிலால் சிறிதாக ஒரு வரி: 'டீச்சர், இது சும்மா கற்பனைதான், அடுத்த தடவை உண்மைக் கதை எழுதுறேன்.'

பத்து, பதினோரு வயதில் அவளுக்கு இந்தக் கூச்சத்தைத் தந்தது யார்? உலகமே வாசிக்கும் எழுத்தாளர்களே தம் வகையைச் சொல்லக் கூசினால், குழந்தை வேறு எதைக் கற்கும்?

அந்த வரியை அழிக்கச் சொன்னேன். அழித்தாள். சிறுவன் அப்போது ஒன்பதாம் தளத்தில்தான் நின்றிருந்தான். அவள் வீடு பன்னிரண்டில் என்று சொல்லி, இன்னொரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நேரமணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.