சீட்டு டிவிடெண்டும் ஷேர் டிவிடெண்டும்

(குமுளியில் ஒரு ஞாயிறு மாலை இளைஞர்களிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். ஏலத் தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி, முகம் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனி வணக்கம். இடையில் கண் அசந்தால் அசரட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வாசலில் ஒரு தம்பியிடம், "டிவிடெண்ட் என்றால் என்ன?" என்று கேட்டேன். "சீட்டுல கழிவு வருமே, அதானே சார்?" என்றார். தப்பே இல்லை. 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்திலேயே, 2019இல் திருத்தும் வரை, அதற்கு டிவிடெண்ட் என்றுதான் பெயர் இருந்தது. ஆனால் அது வேறு காசு, ஷேரில், அதாவது ஒரு கம்பெனியில் நாம் வாங்கி வைத்திருக்கும் பங்கில், வருவது வேறு காசு.

மாதம் 5,000 வீதம் 20 பேர் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒருவருக்குத் தங்கச்சி கல்யாணம். 80,000க்குக் கேட்டு எடுக்கிறார். தள்ளு 20,000. நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 15,000ஐ 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 750. அந்த 750 எங்கிருந்து வந்தது? அவருடைய அவசரத்திலிருந்து. நாளைக்கு நம் அவசரத்திலிருந்து இன்னொருவருக்குப் போகும். ஷேர் டிவிடெண்ட் ஒரு கம்பெனி சம்பாதித்த லாபத்திலிருந்து வருகிறது. லாபம் இல்லாத வருஷம், பெரும்பாலும் அதுவும் இல்லை. லாபம் இருந்தும் வராமல் போகலாம். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அந்த ஆண்டு லாபத்திலிருந்து டிவிடெண்ட் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் நிறுத்தி வைத்தது. வங்கி ஷேரை நம்பி இருந்தவர்கள் அந்த வருஷம் கையைப் பிசைந்தார்கள்.

"300 சதவீதம் டிவிடெண்ட்" என்று செய்தி வரும். வாயைப் பிளக்காதீர்கள். அது ஷேரின் முகமதிப்பின் மேல், அதாவது கம்பெனி ஷேருக்குக் குறித்து வைத்த விலையின் மேல், போட்ட கணக்கு. சந்தை விலை வேறு. முகமதிப்பு 2 ரூபாய் என்றால் கிடைப்பது 6 ரூபாய். அந்த ஷேர் சந்தையில் 300க்கு விற்றால் நமக்கு வருவது 2 சதவீதம்தான். சில ஷேர்களில் இது 9, 10 சதவீதம் என்று காட்டும். டிவிடெண்ட் கூடியதா, விலை சரிந்ததா என்று பாருங்கள். பல நேரம் விலைதான் விழுந்திருக்கும். அடுத்த வருஷம் டிவிடெண்டும் பின்னாலேயே விழும்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி ஷேருக்கு 12 ரூபாய் அறிவித்தது. அன்றைக்கு யார் பெயரில் ஷேர் இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட் என்று ஒரு தகுதித் தேதி வைப்பார்கள். அதற்கு முதல் நாள் 412 ரூபாய்க்கு 100 ஷேர் வாங்கினேன். இரண்டு நாளில் 1,200 ரூபாய் சும்மா வருகிறது என்று நினைப்பு. மறுநாள் காலை விலை 399! கறந்தால் மடி வற்றத்தானே செய்யும்? இதில் வந்த 1,200க்கு வரி வேறு. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்ந்துவிடுகிறது. வருமானம் வரி வரம்புக்குள் இருக்கும் உங்களில் பலருக்கு அந்தக் கவலை இப்போது இல்லை.

பலர் பணத்தைச் சேர்த்து மொத்தமாக முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டிலும் டிவிடெண்ட் என்று ஒன்று தந்துகொண்டிருந்தார்கள். நாம் போட்ட பணத்திலிருந்தே திருப்பித் தருவதும் அதில் உண்டு. அதனால்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021 ஏப்ரலில் அந்தப் பெயரையே எடுத்துவிட்டது.

சரி, மாதம் 1,000 போட்டால் என்ன வரும்? வருஷம் 12,000. 3 சதவீதம் தரும் ஷேர் என்றால் 360 ரூபாய். கம்பம் போய் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினால் தீர்ந்தது. இருபத்திரண்டு வயதில் அந்த 360ஐச் செலவழிக்காதீர்கள். அதையும் சேர்த்து அடுத்த ஷேர் வாங்குங்கள். ஏலச்செடி நட்டால் மூன்றாம் வருஷம்தானே காய் பறிக்கிறோம்? இது அதைவிடவும் மெதுவான செடி. ஒன்று, நகைக்கடன் இருந்தால் முதலில் அதை மீட்டுவிடுங்கள். வட்டி கட்டிக்கொண்டே டிவிடெண்ட் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஷேர்களை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் எந்த வங்கிக் கணக்கைக் கொடுத்தீர்கள் என்பதை மறக்காதீர்கள். நம் ஆட்கள் வேலைக்குத் தக்கபடி மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு வைத்திருப்போம். போன் நம்பரும் மாறிக்கொண்டே இருக்கும். பழைய கணக்கை மூடினால் டிவிடெண்ட் திரும்பிப் போகும். ஏழு வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்தால் அந்தப் பணம் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருஷமும் வாங்காமல் விட்டால் ஷேரும் கூடவே போகும். திரும்ப வாங்கலாம், ஆனால் விண்ணப்பம் எழுதி, காகிதம் அனுப்பி, அலைந்து ஓய வேண்டும். நாமினி பெயரையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பின்வரிசையில் ஒரு தங்கை கை தூக்கினார்: "அப்போ சீட்டை நிறுத்திடலாமா சார்?"

வேண்டாம்மா. பாதியில் நிறுத்தினால் கட்டியது முழுசாகக் கைக்கு வராது. ஓடுகிற சீட்டைக் கட்டி முடி. கடைசி வரை எடுக்காமல் இருந்து எடு. அடுத்த சீட்டுக்கு ஆள் சேர்க்க வருவார்கள் அல்லவா, அப்போது 5,000 சீட்டுக்குப் பதில் 4,000 சீட்டில் சேர்ந்துகொள்.