காய்ச்சல் வந்தால் இந்த வலி பேட்ச் ஆபத்து! யாரும் சொல்லாத கொரோனா கதை

(திரையில்: தோளில் ஒட்டிய பேட்ச்)

இது ஃபென்டனில் பேட்ச். தீராத வலிக்காரர்களுக்கு டாக்டர் எழுதித் தருவது. இதை ஒட்டியிருப்பவருக்குக் காய்ச்சல் அடித்தால், ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகப் போடாமலேயே ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். 2020-ல் உலகம் முழுக்கக் காய்ச்சல். யோசித்துப் பாருங்கள்!

பாடம் ஒரே வரிதான்: மார்பின், ஃபென்டனில், மெத்தடோன் எல்லாம் ஓபியாய்டு குடும்பம், வலியை அடக்கும், அளவு மீறினால் மூச்சையும் அடக்கும். சரி, பேட்சுக்கு வருவோம்.

இதன் மருந்து 72 மணி நேரம் தோல் வழியாக மெதுவாக இறங்கும். சூடு பட்டால் வேகம் கூடும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால், ரத்தத்தில் மருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே போட்டிருக்கிறது. பொடி எழுத்தில், பத்தாய் மடித்து வைத்தால் யார் படிப்பார்கள்? வெந்நீர்ப் பை ஒத்தடமும் இதே வேலையைச் செய்யும். சரி, பிய்த்துப் போட்டுவிடலாமா? அங்கேதான் சிக்கல். தோலுக்கடியில் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும்; ரத்தத்தில் பாதியாகக் குறையவே அரை நாளுக்கு மேல் ஆகும். நுரையீரலைக் கொரோனா ஒரு பக்கம் பிடிக்க, மருந்து இன்னொரு பக்கம் மூச்சை மந்தமாக்கும்.

இப்போது நேர்மாறான கூத்து. ஊரடங்கில் ஓபியாய்டு மாத்திரை தீர்ந்து, திடீரென்று நின்றுபோனால்? மூக்கு ஒழுகும், உடம்பு முறுக்கும், வயிறு போகும், புல்லரிக்கும். அச்சு அசல் சளிக்காய்ச்சல்! ஒரு துப்பு சொல்கிறேன்: ஓயாத கொட்டாவி, அகல விரிந்த கண்மணி. மருந்து உள்ளே இருக்கும்போது அதே கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

(திரையில்: அமெரிக்க கிளினிக் வாசல், வரிசை)

அமெரிக்காவில் 2020 மார்ச்சில் விதிகள் தளர்ந்தன. நேரில் பார்க்காமலேயே வீடியோவில் பேசி ஓபியாய்டு எழுதித்தர டாக்டருக்கு அனுமதி கிடைத்தது. எனக்குப் பிடித்தது மெத்தடோன் விவகாரம். வலிக்கென்றால் மருந்துக்கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள என்றால் பெரும்பாலோர் தினமும் கிளினிக் வரிசையில் நின்று, நர்ஸ் கண்ணெதிரே குடித்தாக வேண்டியிருந்தது. அதே மருந்துதான், சாமி! கொரோனா வந்ததும், உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு 28 நாள் மருந்தைக் கையில் கொடுக்கலாம் என்றார்கள். 2024-ல் அதுவே நிரந்தர விதியானது. இத்தனை வருடம் மனிதர்களை வரிசையில் நிற்க வைத்தது வீம்பு என்றுதான் நான் சொல்வேன்.

2021 ஏப்ரல் வரையிலான 12 மாதத்தில் அங்கே மருந்து, போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பங்கு கள்ளச்சந்தை ஃபென்டனில்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த பேட்ச் ஒட்டியிருந்தால், காய்ச்சல் வந்த அன்றைக்கே டாக்டருக்கு போன் போடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். அளவு மீறிய ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் பற்றித் தனி வீடியோ வேண்டுமா? கமென்டில் சொல்லுங்கள்.