சிறு துரும்பும் சிலையாகும்

வணக்கத்திற்குரிய மேயர் அவர்களே, ஆணையர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, பள்ளி வளாகத்தையே நமக்குத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தூய்மைப் பணியாளர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். ஆணையர் அவர்கள் எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

நம் கடலூர் வெள்ளிக் கடற்கரையில், வீட்டில் கழித்துப்போட்ட பொருள்களைக் கொண்டு ஒரு சிலை வைக்கப் போகிறோம். எதைச் சேர்ப்பது, எப்படிச் செய்வது, யார் பராமரிப்பது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். அதை வாழ்ந்து காட்டியவர் சண்டிகரில் இருந்தார். பெயர் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புது நகரம் கட்டுவதற்காகச் சுற்றியிருந்த கிராமங்களை இடித்தார்கள். இவர் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். உடைந்த வளையல், பீங்கான், ஓடு என்று கிடைத்ததையெல்லாம் சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் சேர்த்தார். 1957இல் தொடங்கி, ஏறக்குறைய 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் மனிதர்களும் விலங்குகளுமாகச் செய்துகொண்டே இருந்தார். அதுவோ அரசாங்க நிலம். எதையும் கட்டக் கூடாத இடம்! அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடித்தார்களா? இல்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் கொடுத்து, உதவிக்கு 50 தொழிலாளர்களையும் கொடுத்தார்கள். பின்னாளில் புல்டோசர் வந்தபோது ஊர் மக்களே கைகோத்து மறித்து நின்றார்கள். கைதட்டுங்கள், அந்த மக்களுக்காக!

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே உப்புக்காற்று. வெறும் இரும்பு துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கி மணலில் கலந்துவிடும். அதனால் பீங்கானும் டைல்ஸ் துண்டும்தான் நமக்கு ஏற்றவை. கம்பியில் உருவம் கட்டி, கோழிவலை சுற்றி, சிமெண்ட் பூசி, ஈரம் காயுமுன் துண்டுகளைப் பதிக்க வேண்டும். கம்பி ஓர் இடத்தில்கூட வெளியே தெரியக் கூடாது. ஓரங்களைத் தேய்த்து மழுக்க வேண்டும், பிள்ளைகள் கட்டாயம் ஏறுவார்கள்.

ஆனால் கெடிலத்தைப் பற்றிப் பேசாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். அப்பர் பாடிய ஆறு. நம் ஊரில்தான் கடலைச் சேர்கிறது. பாலத்தில் வண்டியை நிறுத்திக் குப்பை மூட்டையை வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும். அதுவே மூட்டை மூட்டையாக விழுந்தால் தண்ணீர் போகிற வழியை அடைக்கும். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. ஆற்றங்கரையில் குப்பை மலிந்து கிடக்க, கடற்கரையில் சிலை மட்டும் பளபளப்பது எப்படி நியாயமாகும்? சிலைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் செலவாகக் கெடிலப் பாலத்தின் இரண்டு பக்கமும் உயரமான கம்பிவலை கட்டுங்கள்.

பராமரிப்பை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். உடைந்த டைல்ஸ், பீங்கான் கோப்பை இருந்தால் கழுவிச் சாக்கில் கட்டி இந்தப் பள்ளிக்கே கொண்டுவாருங்கள். கண்ணாடி மட்டும் வேண்டாம். மேயர் அவர்கள் அடுத்துப் பேசும்போது, அந்தக் கம்பிவலைக்கு ஒரு தேதி சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.