எல்லாப் பிள்ளையளும் சிரிச்ச முகத்தையே அமத்துதுகள், என்ன செய்யிறது?

சாவகச்சேரிப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்திலை பொறுப்பா இருக்கிற அம்மா ஒராள் கேட்டிருக்கிறா: "எங்கடை இல்லத்துக்கு ரண்டு ரப் (தொடுதிரைக் கணினி) தந்தவை. மனநிலையைச் சொல்லுற செயலி ஒண்டும் போட்டிருக்கு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் பிள்ளையள் வந்து ஒரு முகத்தை அமத்த வேணும். 18 பேரும் சிரிச்ச முகத்தைத்தான் அமத்துதுகள். இதாலை என்ன பிரயோசனம்?"

நல்ல கேள்வி அம்மா. பிள்ளை வரிசையிலை நிண்டு அமத்துது, பின்னாலை மற்றப் பிள்ளை எட்டிப் பாக்குது. அழுற முகத்தை அமத்தினால் "என்ன நடந்தது, ஆர் ஏசினது" எண்டு விசாரணை வரும் எண்டும் அதுக்குத் தெரியும். சில பிள்ளையளுக்கு, தான் வாய் திறந்து ஒண்டைச் சொன்னதாலைதான் வீட்டைவிட்டு இஞ்சை கொண்டுவந்தவை எண்ட நினைப்பும் உள்ளுக்கை இருக்கும். அப்பிடிப்பட்ட பிள்ளை தன்னைக் காப்பாத்தத்தான் சிரிச்ச முகத்தை அமத்துது. அதைக் குறை சொல்ல ஏலாது.

அந்த வரிசையை முதல் நிப்பாட்டுங்கோ. கிழமைக்கு ஒருக்கா, ஒரு பிள்ளையும் ஒரு பெரியாளும், 15 நிமிசம். 18 பேருக்கு நாலரை மணித்தியாலம் வரும். ரண்டு பேர் பிரிச்சுச் செய்யலாம். கதிரையை நேருக்கு நேர் போடாதேங்கோ. பக்கத்திலை பக்கத்திலை போட்டு ரப்பை நடுவிலை வையுங்கோ. ரண்டு பேற்றை கண்ணும் திரையிலை இருக்கேக்கை பிள்ளைக்குக் கதைக்கிறது லேசு. ரப் செய்யிற பெரிய உதவியே அதுதான்.

ஸ்கொட்லாந்திலை ஸ்ரேர்லிங் பல்கலைக்கழகத்திலை 1990களிலை தொடங்கின 'ரோக்கிங் மற்ஸ்' எண்டு, படத்தை வைச்சு மனசிலை உள்ளதைச் சொல்லுற ஒரு முறை இருக்கு. மேலை மூண்டு அடையாளம்: பிடிக்கும், நடுத்தரம், பிடிக்காது. பிள்ளை படத்தை ஒவ்வொண்டா எடுத்து ஒண்டுக்குக் கீழை விடும். அந்த யோசனையை நீங்கள் வெறும் சிலைட் ஒண்டிலை மூண்டு நிரல் போட்டே செய்து பாக்கலாம், படம் விரலாலை நகரும். படங்களை உங்கடை இடத்திலையே எடுங்கோ: கட்டில், சாப்பாட்டுக் கோப்பை, கிணத்தடி, ரொயிலற், பள்ளிக்கூட பஸ் நிக்கிற இடம். 10, 12 படம் காணும். ஆக்களின்ரை முகம் வேண்டாம். இணையத்திலை எடுத்த ஆற்றையோ குசினியைப் போட்டால் பிள்ளைக்கு அது தன்ரை இடமாத் தெரியாது. சாப்பாடு, விளையாட்டிலை தொடங்குங்கோ. இராத்திரி, கட்டில், வீட்டு ஆக்கள் பாக்க வாற நாள் எல்லாம் கடைசியிலை.

இதுக்குள்ளை ஒரு பாவற்காய்க் கறிப் படத்தையும் கட்டாயம் போடுங்கோ. ஒரு பிள்ளை கோப்பையிலை பாவற்காயை ஒதுக்கி வைக்கிறதை நீங்கள் ஒவ்வொரு முறையும் பாத்திருப்பியள். அதே பிள்ளை அந்தப் படத்தைப் 'பிடிக்கும்' எண்டதுக்குக் கீழை விட்டால், அது உங்களைச் சந்தோசப்படுத்தத்தான் விடுது எண்டு விளங்கும். அண்டைக்கு மற்றப் படங்களை நம்பாதேங்கோ, பிள்ளையை ஏசவும் வேண்டாம். அடுத்த கிழமை அடையாளங்களை இடம் வலம் மாத்திப் போட்டுத் திரும்பச் செய்யுங்கோ. "பிடிக்காது எண்டாலும் ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்" எண்டு சொல்லி, நீங்களே உங்களுக்குப் பிடிக்காத ஒரு படத்தை முதல் நகர்த்திக் காட்டுங்கோ.

முகங்களைப் பற்றியும் ஒண்டு சொல்ல வேணும். கண்ணீர் வர வரச் சிரிக்கிற முகம் இருக்கெல்லே, சின்னனுகள் அதை அழுறதெண்டு எடுக்கும். அதை எடுத்துவிடுங்கோ. முகத்துக்குக் கீழை இருக்கிற இங்கிலீசுச் சொல்லுகளையும் அழிச்சு, பிள்ளையள் சொல்லுற சொல்லைப் போடுங்கோ: அந்தரமா இருக்கு, வெக்கமா இருக்கு, விசர் வருது, ஒண்டும் பிடிக்கேல்லை. உணர்ச்சிக்குப் பேர் தெரியாத பிள்ளைக்கு ஒரு ஆளின்ரை உருவத்தைக் கீறிக் குடுத்து, எங்கை ஏதோ செய்யுது எண்டு நிறம் பூசச் சொல்லுங்கோ. நெஞ்சிலை, வயித்திலை பூசும். அதிலையிருந்து கதை வரும்.

முடிய முதல், பிள்ளை காட்டினதை அதுக்கே வாசிச்சுக் காட்டி "சரியோ? இதை ஆருக்குச் சொல்லலாம்?" எண்டு கேளுங்கோ. இங்கிலாந்திலை 'மைண்ட் ஒஃப் மை ஓன்' செயலியிலை பிள்ளை எழுதிறது அதின்ரை சமூகப் பணியாளருக்குப் போகுது. இஞ்சை அது ஆருக்குப் போகும் எண்டதை நீங்கள்தான் முதல் ஒழுங்குபடுத்த வேணும். ரொயிலற் படம் 'பிடிக்காது' பக்கம் போனால், காரணம் பல்ப் எரியாததா இருக்கலாம். அண்டைக்கே மாத்துங்கோ. மாத்த ஏலாத விசயம் எண்டால், ஏன் ஏலாது எண்டு ரண்டு நாளுக்குள்ளை பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ. மறுமொழி வராட்டி பிள்ளை திரும்பவும் சிரிச்ச முகத்துக்குத்தான் போகும்.

ரப்பிலை படங்கள் தன்பாட்டிலை இணையத்துக்கு ஏறுறதை நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறை கோப்பு, கடவுச்சொல் ரண்டு பெரியாக்களிட்டை மட்டும். வெளிநாட்டிலை இருந்து பிறந்தநாள் சாப்பாடு குடுக்க வாறவைக்கோ, உதவி கேக்கிற அறிக்கையிலை போடவோ பிள்ளையின்ரை படத்தையோ குரலையோ குடுக்கவே கூடாது. எவ்வளவு நல்ல மனசோடை கேட்டாலும் இல்லை எண்டுதான் சொல்ல வேணும். அது பிள்ளை உங்களை நம்பித் தந்தது.

ஒரு நாள் ஒரு பிள்ளை, ஆரோ தன்னைத் தொட்டது, அடிச்சது எண்டு காட்டலாம். "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" எண்டு வாக்குக் குடுக்காதேங்கோ. போனை எடுத்து வீடியோ பிடிக்காதேங்கோ, தோண்டித் தோண்டிக் கேக்காதேங்கோ. "சொன்னது நல்லது, இதிலை உன்ரை பிழை ஒண்டும் இல்லை" எண்டு சொல்லுங்கோ. பிள்ளை சொன்ன சொல்லை மாத்தாமல் அப்பிடியே தாளிலை எழுதி, திகதியும் நேரமும் போடுங்கோ. அந்தத் திரையை அழிக்க வேண்டாம். சொல்லப்பட்ட ஆள் இல்லத்துக்குள்ளை இருந்தால் அவருக்கு முதல் தெரியவே கூடாது. நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவியுங்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ரை 1929 எண்ட போன் இலக்கத்துக்கும் எடுங்கோ. இரவெண்டாலும் எடுக்கலாம், காசில்லை. அவை வருமட்டும் பிள்ளையைத் தனிய விடாதேங்கோ. திரும்பக் கேள்வி கேக்காமல், படம் கீற ஆசைப்பட்டால் ரப்பைக் குடுத்துப் பக்கத்திலை இருங்கோ.