சிறுத்தையும் ஒன்பதாம் வகுப்புத் தம்பியும்

நடுவர் ஐயா அவர்களே, இரு அணி நண்பர்களே, தூறல் விழுந்தும் எழுந்து போகாமல் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம். தந்திருப்பது எட்டு நிமிடம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பாடசாலையில் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள், பாதுகாப்பு இல்லை என்று பெற்றோர் பயப்படுவது நியாயமா, மிகையா? நியாயம் என்று பேச வந்திருக்கிறேன். முதலில் என்னை எதிரணியில்தான் போட்டிருந்தார்கள். அங்கே ஆள் கூடிப்போய் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணன் எழுந்து போட்டுக்கொடுப்பார்.

அந்த அண்ணன்தான் எதிரணித் தலைவர். நம் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து வந்திருக்கிறார். வந்ததும் ஒரு குண்டைப் போட்டார். ‘சிறுத்தை திரியிற மலையில கொழுந்து பறிக்கிற அம்மா, மீசைகூட முளைக்காத ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குப் பயப்படுறாங்களாம்!’ என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். முன்வரிசை மாமா விசிலே அடித்தார். பரவாயில்லை மாமா, அடுத்த விசில் எனக்கு.

அண்ணே, கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் விடமாட்டேன். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலை மலையில் சிறுத்தை திரிவது புதிதில்லை. கண்டால் என்ன நடக்கும்? கண்டவள் போடுகிற சத்தத்தில் அடுத்த மலையில் பறிக்கிறவளும் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறிவிடுவாள். கங்காணி ஓடி வருவார். பின்னால் கணக்கப்பிள்ளை வருவார். சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வருவார். மறுநாள் காலை, பேர் பதிந்து வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில், ‘அந்த மலைக்குப் போகமாட்டோம், வேற மலை குடுங்க’ என்று நிற்போம். தொழிற்சங்கத் தலைவர் வருவார். வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போன் போகும். பேப்பரில் படத்தோடு செய்தி வரும். அந்தச் சிறுத்தையின் படமாக இருக்காது, ஏதோ ஒரு சிறுத்தை, ஆனாலும் வரும்.

இப்போது நம் ஒன்பதாம் வகுப்புத் தம்பிக்கு வருவோம். கழிவறைக்குப் பின்னால் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையைச் சுவரோடு சாத்தி வைத்துக் கன்னத்தில் போடுகிறான். யார் சத்தம் போட்டார்கள்? கங்காணி வந்தாரா? தலைவர் வந்தாரா? பேப்பர்காரர் வந்தாரா? வந்தார்கள் நாலு பையன்கள், படம் எடுக்க. போன் கொண்டுவரக் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிற பாடசாலையில்!

அண்ணே, சிறுத்தை அடித்தாலும், ‘வீட்டுல சொன்னா நாளைக்கும் இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகாது. வாட்ஸ்அப்பில் போடாது. மறுநாள் காலையில் அதே பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டாது. வந்த சிறுத்தை காட்டுக்குத் திரும்பிவிடும். இந்தத் தம்பி உயர்தரப் பரீட்சை வரைக்கும் கூடவே வருவான். படிக்கிற அழகைப் பார்த்தால் இரண்டாம் தடவையும் எழுதுவான்!

மாமா, எங்கே விசில்? ஆ, நன்றி.

லயத்து வாசலில், அதுதான் நம் தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைதான் பாடசாலையில் கை நீட்டுகிறது, முதலில் வீட்டைத் திருத்துங்கள் என்று எதிரணிச் சகோதரி சொன்னார். உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் கதைக்குப் போகிறேன்.

எங்கள் லயத்தில் ஒரு அக்கா. பெயரைச் சொன்னால் நாளைக் காலை பீலியில் குடத்தோடு மறித்துக்கொண்டு கேட்பாள். பட்டன் அக்கா என்று வைத்துக்கொள்வோம். அவள் மகன் தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் தரம் முடித்துவிட்டு டவுனுக்கு ஆறாம் தரம் போனான். எந்தப் பாடசாலை என்று கேட்காதீர்கள். போன முதல் தவணையிலேயே சட்டையில் மேல் பட்டன் இல்லாமல் வந்தான். அக்கா தைத்தாள். மறுநாள் பட்டன் இல்லை. தைத்தாள். இல்லை. தைத்தாள். இல்லை.

அக்காவுக்கு யார்மேல் சந்தேகம் வரவேண்டும்? பட்டன்மேல் வந்தது! நேரே டவுனுக்குப் போய்ப் புடவைக் கடையில் சண்டை. ‘என்னாங்க மொதலாளி, அரசாங்கம் சீருடைத் துணியவே சும்மா குடுக்குது. நீங்க காசு வாங்கிக்கிட்டு ஒரு பட்டன ஒழுங்கா குடுக்கமாட்டீங்களா?’ முதலாளி பாவம், சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். ‘தங்கச்சி, இதே பட்டன்தாம்மா என் சட்டையிலயும் இருக்கு. வேணும்னா இழுத்துப் பாருங்க’ என்றார். அக்கா நிஜமாகவே இழுத்துப் பார்த்தாள். முதலாளி ஒரு அடி முன்னால் வந்தார். பட்டன் வரவில்லை.

அப்படியென்றால் கோளாறு நூலில். வீட்டுக்கு வந்தாள். சாக்கு தைக்கிற நூலை எடுத்தாள். கோணி ஊசியை எடுத்தாள். குறுக்கே ஒரு இழுப்பு, நெடுக்கே ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. புருஷன் எட்டிப் பார்த்து, ‘என்னாடி, சட்டை தைக்கிறியா, கூடாரம் தைக்கிறியா?’ என்று கேட்டார். ‘இனிமே இந்தப் பட்டன் போச்சுன்னா என் பேர மாத்துங்க’ என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மகன் வந்தான். பட்டன் இருந்தது. சட்டை இல்லை!

என்ன? அந்தப் பக்கம் கேட்கவில்லையா? தகரத்தில் மழைச் சத்தம். சரி, இன்னொரு தடவை சொல்கிறேன், எனக்கும் ஆசைதான். பட்டன் இருந்தது. பட்டனைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் துணி இருந்தது. இரண்டும் அவன் கையில் இருந்தன. மிச்சச் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து தொங்கியது. மேலே கம்பளிச் சட்டையைப் போட்டு மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறான். அக்கா முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? ‘பாத்தியா, என் தையல்!’ என்றாள்.

நடுவர் ஐயா சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எந்தப் பட்டன் தினமும் தானாக அறும்? அத்தனை நாளும் எவனோ அந்தப் பிள்ளையின் கழுத்துப் பட்டியைப் பிடித்திருக்கிறான். நாங்கள் வீட்டில் கூடி உட்கார்ந்து நூலைப் பலப்படுத்திக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு ஏன் தெரியவில்லை? அவள் படித்த பள்ளிக்கூடம், தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில். மலையில் நின்றால் கூரை தெரியும். அம்மா கூப்பிட்டால் வகுப்பில் கேட்கும். எழுபதுகளின் கடைசியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, கட்டடம் வந்தது, ஆசிரியர்கள் வந்தார்கள், நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பல பாடசாலைகள் மூன்றாம் வகை. ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும். அதுவரைக்கும் மாமா மகன், சித்தி மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே படித்த பிள்ளை, ஒரு காலையில் பஸ் ஏறிப் போய் முகம் தெரியாத கூட்டத்தில் நிற்கிறது. தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குப் பையன்களுக்கும் கீழ்ப் பிரிவான கீழ்கணக்குப் பையன்களுக்கும் திருவிழாவில் வந்த தகராறு அங்கே மைதானத்தில் தொடரும். கேட்டால், அது பாடசாலை வளவுக்கு வெளியே நடந்தது என்பார்கள். பஸ் நிலையத்தில் நடந்தால் பொலிஸ் பார்க்கட்டும் என்று பாடசாலை சொல்லும், பாடசாலை பார்க்கட்டும் என்று பொலிஸ் சொல்லும். கண்டக்டர் மட்டும்தான் உண்மையைச் சொல்வார்: ‘எறங்கு, எறங்கு, எறங்கி அடிச்சுக்க!’

எதிரணியில் எங்கள் ஓய்வு பெற்ற சேர் இருக்கிறார். 2005 இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பிப் பிரம்பைப் பிடுங்கியது, அன்றோடு ஒழுக்கம் போச்சு என்றார். சேர், பிரம்பு இருந்த காலத்தில் சண்டை இல்லையா? உங்கள் நெற்றியில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது? கீழே விழுந்ததாகச் சைகை காட்டுகிறார், சபை கவனிக்கட்டும். பிள்ளைகளை அடிக்காதே என்றுதான் சுற்றறிக்கை சொன்னது. இடைவேளையில் கழிவறைப் பக்கம் போய் எட்டிப் பார்க்காதே என்று சொல்லவில்லை. இதற்குமேல் பேசமாட்டேன், சேரிடம் படித்தவள் நான். இன்றைக்கும் முட்டி போட வைப்பார்.

1929 இருக்கிறதே, பிறகென்ன பயம் என்றார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம். 1998 இல் சட்டம் போட்டு அமைத்த சபை. எங்கள் அப்பாயியிடம் 1929 தெரியுமா என்று கேட்டேன். ‘தெரியாம என்னா? எங்கம்மா பொறந்த வருஷம்’ என்றார். கேலியை விடுங்கள், இப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் பட்டிமன்றத்துக்காகச் சொல்லவில்லை.

பட்டன் அக்கா அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனாள். அதைச் சொல்லாமல் உட்காரமாட்டேன். பெற்றோர் கூட்டம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் அவள் மலையில் இருக்க வேண்டியவள். போனால் அன்றைக்குப் பேர் இல்லை; பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டம்பரில் வர்த்தமானி வருவதற்கு எத்தனை வருஷம் ரோட்டில் நின்று கத்தினோம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பேரை விட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். கூட்டம் முடிந்து காரியாலய வாசலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். உட்காருங்க என்று ஒருவர் சொல்லவில்லை. கடைசியில் ஒருவர் வெளியே வந்து, ‘பசங்கன்னா அப்படித்தாம்மா, பயப்படாதீங்க’ என்றார். அக்கா சட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ‘சரிங்க சேர்’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்றிரவுதான் மகன் வாயைத் திறந்தான். ‘அம்மா, இனிமே நீங்க ஸ்கூலுக்கு வராதீங்க’ என்றான். ஏன்டா என்று கேட்டால் அழுகை. அந்தப் பையன்கள் இவன் முன்னால் வந்து, தலையில் கயிறு போட்டுக் கூடை சுமந்துகொண்டு குனிந்து நடப்பதாக நடித்துக் காட்டுவார்களாம். ‘ஒங்கம்மா, ஒங்கம்மா’ என்று சிரிப்பார்களாம். ‘எங்கம்மாவப் பத்திப் பேசாத’ என்று இவன் போய் நிற்பானாம். அதற்குத்தான் கழுத்தில் பிடி. பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போயிருந்தால் பட்டன் தப்பியிருக்கும். ஒருநாள்கூட அவன் அப்படிப் போகவில்லை ஐயா.

நடந்து காட்டிச் சிரித்த பையன் இருக்கிறானே, அவன் அம்மா யார் தெரியுமா? நம் அக்காவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து பறிக்கிறவள். இரண்டு பேரும் ஒரே தேத்தண்ணிப் போத்தலில் குடிக்கிறவர்கள். மகன் செய்தது அவளுக்குத் தெரியாது. அக்கா இன்றுவரை சொல்லவும் இல்லை. சொன்னால் அவள் மகனை அடித்துவிடுவாளாம்.

இதில் வாதம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம் ஐயா. எனக்குத் தெரியவில்லை. புள்ளியைக் கூட்டிக் கழித்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லுங்கள். ஆனால் முன்வரிசையில் அதிபர்மார் இருக்கிறீர்கள், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பேர் போகாமல் எங்கள் தாய்மார் வருவார்கள். வந்தவளை உட்காரச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாரிடம் சொன்னீர்கள், என்ன செய்தீர்கள் என்று அடுத்த ஞாயிறு அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள். இரண்டு அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள், மகன்களையும் வைத்துக்கொண்டு.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.