காற்றாலை யாருக்குச் சொந்தம்? ஓடந்துறை சொல்லும் கணக்கு

வணக்கம் நண்பர்களே. காற்றாலையும் சூரியமின் நிலையமும் வந்தால் கிராமம் வளம் பெறும் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த வளம் யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒரு நிறுவனத்துக்கு நிலத்தை விற்ற உழவருக்கு, பத்திரம் பதிவான அன்று கிடைத்த விலையோடு அந்த நிலத்தின் வருமானம் முடிந்துவிடுகிறது. அதன்மேல் நிற்கும் காற்றாலையோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி. பவானி ஆற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதற்கும் தெருவிளக்குகளுக்கும் ஆகும் மின்கட்டணமே அங்கு பெருஞ்செலவாக இருந்தது. ஆர்.சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டாரை இயக்கும் 9 கிலோவாட் இயந்திரத்தை நிறுவினார்கள். பிறகு 2006-ல், ஊராட்சியின் சேமிப்பிலிருந்து சுமார் 40 லட்சம் ரூபாயைப் போட்டு, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கி, 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கினார்கள். ஓர் ஊராட்சி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கத் துணிந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில், மைவாடியில் இருக்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிகளில் சேர்ந்துவிடுவதால், காற்று வீசும் ஊரும் அதன் பயனைப் பெறும் ஊரும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவை ஏறத்தாழ 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கிடைத்த பணம் கடன் தவணைக்குப் போனது. வரி உயர்த்தாமல் ஓர் ஊராட்சிக்கு நிலையான சொந்த வருமானம் வந்தது என்பதை நான் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

இன்று இதை அப்படியே திரும்பச் செய்வது கடினம். இப்போது நிறுவப்படும் காற்றாலைகள் பெரும்பாலும் 2 மெகாவாட்டுக்கு மேற்பட்டவை என்பதால், அவற்றின் விலை ஒரு தனி ஊராட்சியின் கைக்கு எட்டாது. ஆனால் உழவர்களுக்கான சூரியமின் திட்டமாக ஒன்றிய அரசு 2019-ல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தின் முதல் பிரிவில், 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சூரியமின் நிலையத்தைத் தரிசு நிலத்தில் அமைத்து மின்சாரத்தை விற்க, உழவர்கள், கூட்டுறவுச் சங்கங்கள், உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் ஆகியோரோடு ஊராட்சிகளுக்கும் இடம் தரப்பட்டது. துணைமின் நிலையத்துக்கு அருகில் பயிரேறாத நிலம் வைத்திருக்கும் ஊர்கள், அதை வெளியாருக்கு விற்பதற்கு முன் இந்த வழியை விசாரித்துப் பார்க்கவேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படும்போது, உங்கள் ஊராட்சி மின்சாரத்துக்கு ஆண்டுதோறும் எவ்வளவு கட்டுகிறது என்று கேளுங்கள். கடன் வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம் என்ற கணக்கை அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்க முடியும்.